மாமாவின் ஸ்பிட்ஃபயரும் ஒரு விரல் நீள ரப்பரும்

கார் ஓட்டத் தெரியாதவன் கார்புரேட்டரைப் பற்றி எழுதுகிறேன் என்று சிரிக்க வேண்டாம். என் வாழ்நாளில் நான் ஓட்டியது ஒரு சைக்கிளும், அதற்குப் பிறகு ஒரு பஜாஜ் ஸ்கூட்டரும்தான். ஆனாலும் இரண்டு வருடங்களுக்கு முன் தெற்கு பிரான்சில் ஃப்ரேழுஸ் என்ற ஊரில், 55 வருடப் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் நோயைக் கண்டுபிடித்ததில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. மீதிப் பாதி என் அக்காள் கணவருடையது.

அக்காள் கணவரை எங்கள் வீட்டில் மாமா என்றுதான் அழைப்போம். புதுச்சேரியில் அந்தக் காலத்தில் 'சொல்தா' என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். மாமா பதினெட்டு வயதில் சேர்ந்து, லாரி பழுது பார்க்கும் பிரிவில் இருந்தார். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று இருந்தது. மாமா எழுதிக்கொடுத்தார். எங்கள் அப்பா கொடுக்கவில்லை. அதனால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நான் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் இங்கிலீஷில் நோட் எழுதக் கற்றுக்கொண்டு கிளார்க்காகவே ஓய்வு பெற்றேன். பிரெஞ்சு தெரியாமல் கல்யாணமாகிப் போன அக்காள் ஃப்ரேழுஸில் மீன்காரியோடு பிரெஞ்சில் பேரம் பேசும் அளவுக்கு வந்தாள். கோடு எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்?

அக்காள் கல்யாணத்துக்கு எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்த வண்டி. என் வயதுக்காரர்களுக்கு அதன் போனட் நினைவிருக்கும். மற்ற கார்களைப் போல மூடி மட்டும் திறக்காது. முன்பக்க மட்கார்டுகள், விளக்குகள் எல்லாம் சேர்ந்து முதலை வாய் பிளப்பதுபோல முன்னால் கவிழும். ஊர்வலம் முடிந்து வரும் வழியில் வண்டி நின்றுவிட்டது. பட்டுவேட்டியோடு மாப்பிள்ளை இறங்கி, போனட்டைத் தூக்கிவிட்டு, முன் டயர்மேல் உட்கார்ந்து சரி செய்தார். அக்காள் மாலையோடு உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் ஐம்பது வருடம் சொல்லிச் சிரித்த கதை அது.

மாமா 1988-இல் ஒரு செகண்ட்ஹேண்ட் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் வாங்கினார். 1968 மாடல், மார்க் 3, 1296 சிசி. இரண்டே பேர் உட்காரும் திறந்த கார். ஏன் இது என்று கேட்டதற்கு, "போனட்டப் பாரு மச்சான்" என்றார். அதே முதலை வாய். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம். இரண்டையும் வடிவமைத்தவர் மிக்கலோத்தி என்ற இத்தாலிக்காரர். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். அக்காளுக்கு அது காரே இல்லை, கல்யாண வண்டி.

அக்காள் போய் ஏழு மாதம் ஆகியிருந்தபோது அவள் மகன் பாரிசிலிருந்து எனக்குப் போன் செய்தான். "அப்பா யார்கிட்டயும் பேசறதில்ல. காலையில ஷெட்டுக்குப் போனா ராத்திரிதான் வர்றாரு. நீங்க வந்து கொஞ்ச நாள் இருங்க மாமா." தொண்ணூறு நாள் விசா கிடைத்தது. செப்டம்பரில் போனேன்.

மாமாவுக்கு அப்போது 81 வயது. என்னைப் பார்த்து, "வந்தியா மச்சான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மறுநாள் ஷெட்டுக்குள் போனேன். போனட் திறந்திருந்தது. எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயின் மேல் வரிசையாக எட்டு மரக் கிளிப்புகள், துணி காயப்போடும் கிளிப்புகள், மாட்டியிருந்தன. அக்காளுடைய கொடிக் கிளிப்புகள் என்று பார்த்ததும் தெரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. மாமா சாதாரணமாகச் சொன்னார்: "சூட்டுல பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாயிடும். மரம் சூட்ட இழுக்கும்னு பழைய மெக்கானிக்குங்க சொல்லுவாங்க. இதுவும் பண்ணிப் பாத்துட்டேன்."

பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அக்காள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்னால், எஸ்தெரெல் மலைப்பக்கம் ஒரு தடவை போய் வரலாம் என்று கேட்டிருக்கிறாள். மகனுடைய புதுக் காரில் இல்லை, இந்த வண்டியில். மலை ஏறும்போது வண்டி திக்கித் திக்கி நின்றுவிட்டது. கால்மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆனது. மறுபடி நின்றது. சாலையோரம் ஒரு கல்லின்மேல் அக்காள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அதற்குப் பிறகு அவள் எந்த வண்டியிலும் ஊர் பார்க்கப் போகவில்லை.

"ஏன் நின்னுச்சுன்னு தெரியணும் மச்சான். அவ்வளவுதான்" என்றார் மாமா.

எனக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் ஒரு கோப்பு எங்கே நின்றுபோயிருக்கிறது என்று தேடுவது தெரியும். 36 வருடம் செய்த வேலை. அதனால் முதலில், பெட்ரோல் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டேன். மாமாவின் கண் மங்கிவிட்டது. பிரெஞ்சில் இருந்த பழைய பழுதுபார்க்கும் புத்தகத்தை நான் சத்தமாகப் படித்தேன், அவர் விளக்கினார். பள்ளிக்கூடத்தில் கொர்னெய், ராசின் என்று பாடம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு, எழுபது வயதுக்கு மேல் 'ழிக்ளெர்', 'புவாந்தோ', 'ஃப்லோத்தெர்' என்று படிக்கப் பயன்பட்டது. முதலாவது ஜெட், இரண்டாவது ஊசி வால்வு, மூன்றாவது மிதவை.

பாதை இதுதான். சீட்டுக்குப் பின்னால் டாங்கி. அதிலிருந்து இரும்புக் குழாய் ஒன்று வண்டியின் நீளத்துக்கு முன்னால் வருகிறது. எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் பம்ப் அதை இழுத்து இரண்டு கார்புரேட்டர்களுக்கு அனுப்புகிறது. கார்புரேட்டர் பக்கத்தில் ஒரு சிறு அறை, அதில் மிதவை. நம் வீட்டுக் கழிவறை ஃப்ளஷ் டாங்கியில் பந்து மேலே வந்தால் தண்ணீர் நிற்கிறதே, அதே ஏற்பாடு. பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கும், ஊசி வால்வு திறக்கும். நிறைந்தால் மூடும். அங்கிருந்து ஜெட் வழியாக எஞ்சினுக்கு.

அந்த வண்டியில் இருப்பவை எஸ்.யு. கம்பெனியின் ஹெச்.எஸ். 2 கார்புரேட்டர்கள். எஸ்.யு. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் தொடங்கியது. அதனால் முதல் கார்புரேட்டரில் தோலால் செய்த துருத்தி வைத்தார்களாம். இப்போது துருத்திக்குப் பதில் ஒரு பிஸ்டன். எஞ்சின் அதிகக் காற்று இழுத்தால் பிஸ்டன் மேலே எழும். அதன் அடியில் கூம்பாகச் சீவிய ஊசி ஒன்று ஜெட்டுக்குள் இறங்கியிருக்கும். பிஸ்டன் எழுந்தால் ஊசியும் எழும், இடைவெளி பெருகும், பெட்ரோல் கூடும். காற்றுக்குத் தக்க பெட்ரோல். எவ்வளவு எளிமை என்று எனக்கு வியப்பாக இருந்தது.

இதில்தான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஜெட்டுக்குக் கீழே ஆறு முகம் உள்ள ஒரு நட். மேலே திருகினால் பெட்ரோல் குறையும், கீழே திருகினால் கூடும். கைக்கு எட்டும் இடத்தில், திருகுவதற்கு வசதியாக இருக்கிறது. அதனால் வண்டிக்கு எந்த நோய் வந்தாலும் எல்லோரும் முதலில் அதைத்தான் திருகுகிறார்கள். மாமாவும் ஏழு மாதமாகத் திருகிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் பட்டாளத்தில் மெக்கானிக். துக்கத்தில் இருப்பவன் கைக்கு ஏதாவது வேலை வேண்டுமல்லவா? பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டியது கரிபிடித்துக் கறுத்திருந்தது. பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். பழைய நோயோடு வைத்தியம் தந்த புது நோயும் சேர்ந்துகொண்டது.

"முதல்ல பழைய நிலைமைக்குக் கொண்டு வருவோம் மாமா. நடுவுல எழுதின நோட்டையெல்லாம் எடுத்துடுவோம்" என்றேன்.

நட்டை முழுக்க மேலே ஏற்றி, ஜெட் மட்டமானதும், அங்கிருந்து பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு சுற்று, கீழே இறக்கினார். புத்தகத்தில் உள்ள தொடக்க நிலை அது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஒரு சோதனை. கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு ஊசிக்கம்பி உண்டு. அதை அழுத்தினால் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக எழும். எஞ்சின் சத்தம் ஒரு கணம் கூடி உடனே பழையபடி ஆனால் கலவை சரி. கூடியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். துவண்டு நிற்கப்பார்த்தால் குறைவு. இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று பார்க்க, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் காட்ட வேண்டும். இரண்டு 'ஸ்ஸ்' சத்தமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மாமாவுக்குக் காதும் மந்தம். அந்த வேலை எனக்கு வந்தது. நாள் முழுக்க வீணை சுருதி சேர்ப்பதுபோல உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத்தான் மாமா முதல்முறை என்னோடு சேர்ந்து சாப்பிட்டார்.

ஆனால் மலையில் வண்டி பழையபடி நின்றது.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். தேதி, புறப்பட்ட நேரம், வெயில், சாலை, நின்ற நேரம், மறுபடி கிளம்பிய நேரம் என்று கட்டம் போட்டேன். கிளார்க் புத்தி. ஆறு நாள் பதிவானதும் மாமாவிடம் படித்துக் காட்டினேன். கடற்கரைச் சமவெளியில் ஒரு மணி நேரம் ஓடியும் நிற்கவில்லை. பழைய 7-ஆம் எண் தேசியச் சாலையில் எஸ்தெரெல் ஏறினால் பதினொன்று முதல் பதினான்கு நிமிடத்துக்குள் நின்றது. நடுப்பகல் வெயிலிலும் அப்படித்தான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போன காலை ஏழு மணிக்கும் அப்படித்தான்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ சூடு இல்ல. ஆவியும் இல்ல. ஏறும்போது எஞ்சின் நிறைய கேக்குது, கேக்குற அளவு வரல." எழுந்து போய், குழாயிலிருந்த கிளிப்புகளில் ஒன்றைத் தொட்டார். கழற்றவில்லை.

இனி, நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும். வண்டி நின்றதும் செய்ய வேண்டியது இரண்டு என்றார். பிளக் கம்பியில் பொறி வருகிறதா? மிதவை அறையில் பெட்ரோல் இருக்கிறதா? கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி மின்சாரக் கோளாறுதான் என்பது மெக்கானிக்குகள் வழக்கமாகச் சொல்வது. அடுத்த தடவை நின்றபோது பார்த்தோம். பொறி நீலமாக, நன்றாக வந்தது. தீயணைப்பு உருளையை என் கையில் கொடுத்துவிட்டு, சூடு கொஞ்சம் தணிந்ததும், மாமா மிதவை அறையின் மூன்று ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் தூக்கினார். அடியில் கொஞ்சம் ஈரம். அவ்வளவுதான். இரண்டும் காலி.

நாம் இத்தனை நாள் திட்டிய கார்புரேட்டர் பட்டினி கிடந்திருக்கிறது.

அந்த இடத்தில் எனக்கு என் அலுவலகம் நினைவுக்கு வந்தது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனைத்தான் ஜனங்கள் திட்டுவார்கள். அவன் மேசைக்கு எதுவும் வந்திருக்காது. ஆனால் கண்ணுக்குத் தெரிபவன் அவன்தான்.

பெட்ரோல் மூடியில் காற்று போக வழி இல்லாவிட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. மறுநாள் மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினோம். நின்றது. பம்ப்பின் மேல் சந்தேகம் வந்தது. அதற்கு ஒரு வழி: சின்ன கேனில் பெட்ரோலும் ஒரு ரப்பர் குழாயும் எடுத்துக்கொண்டு போனோம். வண்டி நின்றவுடன், பம்ப்பிலிருந்து டாங்கிக் குழாயைக் கழற்றிக் கேன் குழாயை மாட்டினார். பம்ப்பில் கையால் அடிக்கும் நெம்புகோல் இருக்கிறது. நான்கு தடவை அடித்தார். மறுமுனையில் வைத்திருந்த பாட்டிலில் 'சளக் சளக்' என்று விழுந்தது. பழைய குழாயை மாட்டி அடித்தார். சொட்டுதான். பம்ப் நிரபராதி. கோளாறு டாங்கிக்கும் பம்ப்புக்கும் நடுவில்.

அன்று மாமா சைக்கிள் பம்ப்பால் குழாயின் முன்முனையிலிருந்து காற்று அடித்தார். டாங்கிக்குள் 'களகள' என்று குமிழி வரும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அடைப்பே இல்லை! சரி, டாங்கியில் குப்பை என்று முழுப் பெட்ரோலையும் இறக்கினோம். கொஞ்சம் துரு, மற்றபடி சுத்தம். மாமா ஸ்பேனரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் ஷெட்டைத் திறக்கவே இல்லை.

இரண்டாம் நாள் இரவு எனக்குத் தூக்கம் வராமல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. காலையில் காபி கொடுத்துக்கொண்டே சொன்னேன்: "மாமா, நாம பின்னால நோக்கி ஊதிப் பாத்தோம். பெட்ரோல் முன்னால நோக்கித்தானே வருது? எங்க ஆபீஸ்ல கீழேருந்து மேல போற கோப்பு சீக்கிரம் போயிடும். மேலேருந்து கீழ வர்றதுதான் நிக்கும். ரெண்டு திசையும் ஒண்ணு இல்ல."

மாமா காபியை அப்படியே வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனார்.

டிக்கிக்குள், டாங்கியின் வாய்க்குழாயையும் நீளக் குழாயையும் இணைக்கும் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் இருந்தது. விரல் நீளம். வெளியே பார்க்கப் புத்தம்புதிதுபோல இருந்தது. அதனால்தான் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கிழித்தார். உள்தோல் ஒருபக்கம் உரிந்து, ஒரு சின்ன நாக்குபோல மடிந்து நின்றது. பின்னால் ஊதினால் நாக்கு சுவரோடு ஒட்டிக்கொள்ளும், வழி திறக்கும். முன்னால் இழுத்தால், அதுவும் மலை ஏறும்போது பலமாக இழுத்தால், நாக்கு நிமிர்ந்து வாயை அடைக்கும். எஞ்சின் நின்றதும் இழுப்பு நிற்கும், நாக்கு தளரும், பெட்ரோல் மெல்லக் கசிந்து வரும், வண்டி மறுபடி கிளம்பும். என் நோட்டில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் அந்த நாக்கில் பதில் இருந்தது.

காரணமும் தெரிந்ததுதான். பிரான்சில் 2009 முதல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கிறார்கள். விலை குறைவு. பழைய வகை ரப்பர் அதைத் தாங்காது. உள்ளிருந்து ஊறி உரியும். எத்தனால் தாங்கும் ஹோஸ் தனியாக உண்டு; அதன் மேல் ஆர்9 என்று அச்சிட்டிருக்கும்.

"யாரு மாமா இந்த ஹோஸ் போட்டது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான்தான்" என்றார். "ஷெட்ல பழைய துண்டு ஒண்ணு கெடந்துது. வீணாப் போவுதேன்னு போட்டேன்."

பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டே, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அன்றைக்கு மலையில் வண்டி இரண்டாம் தடவை நின்றபோது அக்காளைத் திட்டியிருக்கிறார். "நீ அடம் பிடிச்சதாலதான் இந்தக் கதி. பேசாம புள்ள கார்ல வந்திருக்கலாம்." அக்காள் பதில் பேசவில்லையாம். கல்லின்மேல் உட்கார்ந்து, "நம்ம கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தானே" என்று மட்டும் சொன்னாளாம். அவர் அதற்கும் சிரிக்கவில்லை.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அதனால் என் கதையைச் சொன்னேன். இதுவரை என் மனைவிக்குக்கூடச் சொல்லாதது. ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு காணாமல் போய், நான் தபால் அனுப்பும் பிரிவில் இருந்த ஒரு பையன்மேல் குற்றம் எழுதி மெமோ கொடுக்க வைத்தேன். அவனுக்கு அந்த வருட இன்கிரிமென்ட் போயிற்று. ஆறு வாரம் கழித்து அந்தக் கோப்பு என் மேசையிலேயே, வேறொரு கட்டின் நாடாவில் சேர்த்துக் கட்டியிருந்தபடி கிடைத்தது. கோப்பை அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பணம் வந்தது. ஆனால் பையனிடம் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தவன் அவன்; திருக வசதியான நட் அவன்.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் இருக்கானா?" என்று கேட்டார்.

"இருப்பான். அவனும் ரிடையர் ஆயிருப்பான்."

"உனக்குச் சொல்றதுக்கு ஆள் இருக்கு மச்சான்" என்றார்.

ஒரு மீட்டர் ஹோஸ் வாங்கினோம். சில யூரோதான். வண்டியில் ரப்பர் இருந்த எல்லா இடத்திலும் மாற்றினார். மறுநாள் காலை எஸ்தெரெல் ஏறினோம். பதினொன்றாவது நிமிடத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினான்கு. பதினெட்டு. வண்டி தன்பாட்டுக்கு ஏறியது. கார்க் மரங்களுக்கு நடுவே ஒரு வளைவில் மாமா தானாகவே ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தார். அங்கே ஒரு தட்டைக் கல் இருந்தது. எந்தக் கல் என்று நான் கேட்கவில்லை.

பிரெஞ்சில் வண்டி நின்றுபோனால் 'பான்' என்பார்கள். அது கப்பல்காரர்களின் பேச்சிலிருந்து வந்தது. பாய்களை எதிரெதிராகத் திருப்பிக் கப்பலை நடுக்கடலில் நிறுத்தி வைப்பதற்கு அந்தப் பெயர். உடைந்தது என்றல்ல, நின்றிருக்கிறது என்றுதான் அர்த்தம். பள்ளியில் எங்கள் வாத்தியார் சொன்னது. அதை மாமாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அந்தக் கல்லின்மேல் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். ஒரே தடவையில் கிளம்பியது.

படிப்பவர்களுக்கு ஒரு உபயோகமான வார்த்தை. நம் ஊரிலும் இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். உங்களிடம் பழைய ஸ்கூட்டரோ காரோ இருந்தால், அது திக்கினால், கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். முதலில் பொறி வருகிறதா பாருங்கள். பிறகு மிதவை அறையில் பெட்ரோல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கார்புரேட்டரைச் சந்தேகியுங்கள். இல்லாவிட்டால் பின்னோக்கி, பம்ப், குழாய், டாங்கி, மூடி என்று ஒவ்வொன்றாகப் போங்கள். வெளியே பளபளக்கும் ரப்பரை நம்ப வேண்டாம். பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் அந்தப் பையனைத் தேடினேன். முதலியார்பேட்டையில் பேரனோடு இருந்தான். பையன் என்கிறேன், அவனுக்கும் 67 வயது. நடந்ததைச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும் சார். நாடாவ நீங்க அவுத்தப்ப நான் அந்தப் பக்கமா போனேன்" என்றான். பிறகு எனக்கு டீ கொடுத்தான்.

ஃப்ரேழுஸிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஷெட்டுக்குப் போனேன். போனட் மூடியிருந்தது. மாமாவைக் காணவில்லை. பின்பக்கம் போனால், தன் சட்டைகளைத் தானே துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். எட்டுக் கிளிப்புகளும் கொடியில் இருந்தன. இரண்டில் பெட்ரோல் வாசம் அடிப்பதாக முணுமுணுத்தார்.